180 நிமிடமும் நான்கு ஆண்டும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் கால்பந்துப் போட்டிகளின் நோட்டீஸில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: ‘லீக் கம் நாக்-அவுட்’. நேரடி நாக்-அவுட் என்று போட்டால் அணிகள் யோசிக்கும். நுழைவுக் கட்டணம் கட்டி, ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, வேன் பிடித்து, திருநின்றவூரிலிருந்து ஒரு அணியையே கூட்டிவந்து, காலை எட்டு மணிக்குள் தோற்றுத் திரும்ப யாருக்குத்தான் மனசு வரும்? முதலில் இரண்டு மூன்று ஆட்டமாவது கொடுங்கள், பிறகு வெளியே அனுப்புங்கள் என்பதுதான் ஆடுகிறவர்களின் கணக்கு.

உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச் சுற்று இதைத் தலைகீழாகச் செய்கிறது. அங்கே முதலில் நாக்-அவுட், தப்பியவர்களுக்குத்தான் லீக். அதுவும் எல்லோருக்கும் இல்லை. ஜப்பானும் ஈரானும் தென்கொரியாவும் இந்த வாசலைப் பார்ப்பதே கிடையாது. தரவரிசையின் அடியில் கிடக்கும் நாடுகள் மட்டும் ஜோடி ஜோடியாக மோத வேண்டும்: சொந்த ஊரில் ஒன்று, எதிரணியின் ஊரில் ஒன்று, ஆக 180 நிமிடம். தோற்றால் அடுத்த உலகக் கோப்பைச் சுழற்சி வரை காத்திருக்க வேண்டியதுதான். இந்தியாவும் இலங்கையும் இந்த வாசலில் பலமுறை நின்ற நாடுகள். இது நியாயமான ஏற்பாடா, இல்லையென்றால் கோளாறு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அளவுகளை முதலில் பார்த்துவிடலாம். 2010 உலகக் கோப்பைக்கு ஆசியாவின் முதல் ஐந்து அணிகளை மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டு, மீதி 38 அணிகளை 19 ஜோடிகளாக மோதவிட்டார்கள். 2018க்கும் 2022க்கும் கடைசி 12 அணிகள், ஆறு ஜோடிகள். 2026க்கு வாசல் மறுபடி அகலமானது: ஆசிய வரிசையில் 27 முதல் 46 வரை உள்ள 20 அணிகள், பத்து ஜோடிகள். ஆக, யார் நாக்-அவுட்டில் நிற்க வேண்டும் என்ற கோடு ஒவ்வொரு முறையும் இடம் மாறுகிறது. தன் ஆட்டம் முன்னேறாமலே ஒரு நாடு தப்பிக்கலாம். மோசமாகாமலே சிக்கிக்கொள்ளவும் செய்யலாம்.

இந்தியாவின் அனுபவம் இதற்கு நல்ல பாடம். 2007 அக்டோபர் 8 அன்று லெபனானின் சிடோன் நகரில் இந்தியா 4–1 என்று தோற்றது. அக்டோபர் 30 அன்று கோவாவின் மட்காவில் 2–2. உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவில் தொடங்க இரண்டரை ஆண்டுக்கு மேல் இருந்தது. இந்தியாவின் பங்கு அதற்குள் முடிந்துவிட்டது. அடுத்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் 2011 ஜூலை 23 அன்று, அல் ஐன் நகரில், ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எதிராக. முதல் பாதியிலேயே தேபப்ரதா ராயும் கோல்கீப்பர் சுப்ரதா பாலும் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, ஒன்பது பேரோடு மிச்ச ஆட்டத்தை ஓட்டி 3–0 என்று தோற்றது. ஐந்து நாள் கழித்து டெல்லி அம்பேத்கர் ஸ்டேடியத்தில் 2–2. அவ்வளவுதான், அடுத்த வாய்ப்பு 2015 மார்ச்சில்.

ஒரு நடுவரின் இரண்டு முடிவுகள், ஒரு கோல்கீப்பரின் ஒரு தவறான பாய்ச்சல், அதற்கு விலை மூன்றரை ஆண்டுக்கு மேல். லீக்காக இருந்திருந்தால் அதே தோல்வி ஆறு அல்லது எட்டு ஆட்டங்களில் ஒன்றாகக் கரைந்திருக்கும். 2001இல் அப்படித்தான் இருந்தது. அமீரகம், யேமன், புருனை ஆகியவற்றோடு ஒரே குழுவில் ஆடிய இந்தியா, பெங்களூரில் அமீரகத்தையே 1–0 என்று வென்றது. கடைசியில் அமீரகத்துக்கு 12 புள்ளி, இந்தியாவுக்கு 11. அந்த முறையும் தகுதி பெறவில்லைதான். ஆனால் ஆறு ஆட்டங்கள் கிடைத்தன. எங்கே பலம், எங்கே ஓட்டை என்று பயிற்சியாளர் பார்க்க முடிந்தது.

இனி 2015. பிஃபா வரிசையில் இந்தியா 171க்குச் சரிந்திருந்த நேரம். ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் இரண்டாம் முறையாகப் பயிற்சியாளர் ஆகியிருந்தார். எதிரணி நேபாளம், அவரே ஒரு காலத்தில் பயிற்சி கொடுத்த அணி. மார்ச் 12 அன்று குவஹாத்தியில் சுனில் சேத்ரி இரண்டு கோல் அடித்தார். 17ஆம் தேதி காத்மாண்டுவில் கோல் இல்லாத டிரா. பார்க்கச் சுவாரஸ்யமான ஆட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த இரண்டு கோல்களுக்குப் பின்னால் வந்ததைக் கவனியுங்கள்.

வாசலைத் தாண்டியதால் ஈரான், ஓமன், துர்க்மெனிஸ்தான், குவாம் அடங்கிய குழுவில் எட்டு ஆட்டங்கள். அதில் ஏழில் தோல்வி. குட்டித் தீவான குவாமிடமே ஒரு முறை தோற்றார்கள். பிறகு பெங்களூரில் அதை 1–0 என்று வென்றது மட்டுமே ஆறுதல். குழுவில் கடைசி இடம். ‘இதுக்கா தகுதி பெற்றோம்’ என்று அப்போது கேலி பேசியவர்கள் நிறையப் பேர். ஆனால் கடைசி இடம் பிடித்தவர்களுக்கும் ஆசியக் கோப்பை வழியாக இன்னொரு கதவு வைத்திருந்தார்கள். 2016 ஜூனில் லாவோஸுடன் மறுபடி ஒரு நாக்-அவுட் ஜோடி. வியன்டியானில் 1–0, குவஹாத்தியில் 6–1. அதைத் தாண்டியதும் மியான்மர், கிர்கிஸ்தான், மக்காவு அடங்கிய குழு. 2017 அக்டோபர் 11 அன்று பெங்களூரில் மக்காவுவை 4–1 என்று வென்று 2019 ஆசியக் கோப்பைக்கு இடம் உறுதியானது. அந்தக் கோப்பையில், 2019 ஜனவரி 6 அன்று அபுதாபியில், தாய்லாந்தை இந்தியா 4–1 என்று தூக்கிப்போட்டது. மறுநாளே தாய்லாந்தின் பயிற்சியாளர் வேலை இழந்தார்.

குவஹாத்தியில் சேத்ரி அடித்த அந்த இரண்டு கோல்களுக்கும் அபுதாபியின் நான்கு கோல்களுக்கும் நடுவே நேர்கோடு இழுக்கலாம். வாசலைத் தாண்டியவனுக்குக் கிடைத்தது வெற்றி அல்ல, ஆட்டங்கள். தோற்றுக்கொண்டே ஆடிய எட்டு ஆட்டங்கள்தான் அணியைச் செதுக்கின. இதைச் சொல்லும்போதே நேபாளத்தையும் நினைக்க வேண்டியிருக்கிறது. அதே 180 நிமிடத்தில் அந்த எட்டு ஆட்டங்களை இழந்தவர்கள் அவர்கள்.

ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு இதை உணராமல் இல்லை. இப்படி வாசலிலேயே விழுந்த அணிகளுக்காக ‘சாலிடாரிட்டி கப்’ என்று ஒரு போட்டியை உருவாக்கியது. 2016 நவம்பரில் மலேசியாவின் குச்சிங் நகரில் ஏழு அணிகள் ஆடின. இறுதி ஆட்டத்தில் மக்காவுவை 1–0 என்று வென்று நேபாளம் கோப்பையைத் தூக்கியது. நல்ல யோசனை, சரியான மருந்து. 2020இல் நடக்க வேண்டிய அடுத்த போட்டி கோவிட்டால் ரத்தானது. அதன்பின் அந்தக் கோப்பையைப் பற்றிப் பேச்சே அடங்கிவிட்டது. பெரிய அணிகளின் போட்டி எதுவும் இப்படிச் சத்தமில்லாமல் தொலைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இலங்கையின் கதை இன்னும் கூர்மையானது. இருபது ஆண்டில் ஆறு முறை இந்த வாசலில் நின்ற நாடு அது. 2003இல் லாவோஸை வென்றது. 2007இல் கத்தாரிடமும் 2011இல் பிலிப்பைன்ஸிடமும் விழுந்தது. கொழும்பில் 1–1 என்று சமாளித்த பிலிப்பைன்ஸ், மணிலாவில் 4–0 என்று தீர்த்துக்கட்டியது. 2015இல் வந்தது பூட்டான்: அதுவரை உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் காலே வைக்காத நாடு, பிஃபா பட்டியலின் கடைசி வரி. இலங்கையில் யாரும் கவலைப்பட்டிருக்கமாட்டார்கள். மார்ச் 12 அன்று கொழும்பில் பூட்டான் 1–0. ஐந்து நாள் கழித்து, கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல் இருக்கும் திம்புவில், சென்சோ கியெல்ட்சென் இரண்டு கோல் அடிக்க, 2–1. உலகமே பூட்டானைக் கொண்டாடியது. அந்த ஒரு வாரத்தில் இலங்கைக் கால்பந்துக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்கு அவர்கள் நான்கு ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். பூட்டானோ அடுத்த சுற்றில் கத்தாரிடம் 15–0 வாங்கியது, ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை; ஆனாலும் தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

2019இல் எதிரணி மக்காவு. முதல் ஆட்டம் ஜூன் 6 அன்று சீனாவின் ஜுஹாய் நகரில். இலங்கை 1–0 என்று தோற்றது. மறு ஆட்டம் கொழும்பில். ஆனால் அந்த ஆண்டு ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளைக் காரணம் காட்டி மக்காவு சங்கம் அணியை அனுப்ப மறுத்தது. ஆட்டக்காரர்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர்களுடைய எதிர்ப்பு விநோதமாக வெளிப்பட்டது: உள்ளூர்க் கோப்பை ஆட்டம் ஒன்றில் இரு அணிகளும் தடுக்காமலே ஆடி 21–18 என்று முடித்தன. பிஃபா இலங்கைக்கு 3–0 வெற்றி அளித்தது. மொத்தக் கணக்கில் 3–1 என்று இலங்கை உள்ளே போனது. களத்தில் இறங்கி ஆடிய ஒரே ஆட்டத்தில் தோற்ற அணிக்குத் தென்கொரியாவோடும் லெபனானோடும் ஆடும் வாய்ப்பு.

இதற்கு முன்னோடி இருக்கிறது. 1973இல் சிலியும் சோவியத் யூனியனும் தகுதிக்கான கடைசி ஜோடி. மாஸ்கோவில் டிரா. சான்டியாகோவில் நடக்க வேண்டிய மறு ஆட்டத்துக்கு சோவியத் அணி போகவில்லை. பினோசெட்டின் ராணுவ ஆட்சி கைதிகளை அடைத்துவைத்திருந்த ஸ்டேடியம் அது. நவம்பர் 21 அன்று சிலி ஆட்டக்காரர்கள் எதிரணி இல்லாத மைதானத்தில் பந்தைத் தட்டிக்கொண்டே போய்க் காலியான வலைக்குள் தள்ளினார்கள். நாக்-அவுட்டில் இரண்டே ஆட்டம் என்பதால் அரசியலோ அச்சமோ ஒன்றைத் தட்டிவிட்டால் பாதித் தகுதியே போய்விடுகிறது. எட்டு ஆட்ட லீக்கில் ஒன்று போனாலும் மீதி நிற்கும்.

ஆடாமலே தகுதி பெறுவதில் நமக்கும் பங்கு உண்டு. 1950 பிரேசில் உலகக் கோப்பைக்கு இந்தியாவின் குழுவில் இருந்த பர்மாவும் இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் விலகிக்கொண்டன. இந்தியாவுக்கு வாக் ஓவர். நம் ஆட்கள் போகவில்லை. வெறுங்காலோடு ஆட விடவில்லை என்பதால்தான் என்ற கதை இன்றும் டீக்கடைகளில் ஓடுகிறது. உண்மையில், நீண்ட கப்பல் பயணம், செலவு, ஒலிம்பிக்கைவிட உலகக் கோப்பை சிறியது என்ற அன்றைய சங்கத்தின் எண்ணம் எல்லாம் சேர்ந்த முடிவு அது. 1958 உலகக் கோப்பைத் தகுதியில் இஸ்ரேலோடு ஆட எதிரணிகள் ஒவ்வொன்றாக மறுத்தபோது, ஆடாமல் யாரும் தகுதி பெறக் கூடாது என்று பிஃபா முடிவெடுத்தது. சீட்டுக் குலுக்கி வேல்ஸை எதிரே நிறுத்தியது. வேல்ஸ் இரண்டு முறையும் 2–0 என்று வென்று உலகக் கோப்பைக்குப் போனது.

சீட்டு என்றதும் 1954 ஞாபகம் வருகிறது. ஸ்பெயினும் துருக்கியும் ஆளுக்கொரு ஆட்டம் வென்று, ரோமில் நடந்த மூன்றாவதும் டிரா ஆனது. கண்ணைக் கட்டிய ஒரு சிறுவன் எடுத்த சீட்டில் துருக்கி வந்தது. பெனால்டி ஷூட்-அவுட் பின்னால் வந்த நாகரிகம். உலகக் கோப்பை வரலாற்றில் முதன்முதலாக அது நடந்ததே தகுதிச் சுற்றில்தான், 1977 ஜனவரியில், துனிசியாவுக்கும் மொராக்கோவுக்கும் நடுவே. வெளியூர் கோலுக்குக் கூடுதல் மதிப்புத் தரும் விதியை ஐரோப்பியக் கூட்டமைப்பு 2021இல் தன் கிளப் போட்டிகளிலிருந்து நீக்கியது. நாக்-அவுட்டை நியாயமாக்க இப்படி எத்தனையோ ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். எல்லாம் யார் உள்ளே போவது என்பதைப் பற்றியவை.

நாக்-அவுட்டுக்கு ஆதரவான வாதம் ஒன்று உண்டு, அது பலவீனமானதும் இல்லை. எல்லோரையும் முதலிலேயே குழுவில் போட்டால் என்ன ஆகும்? 2001 ஏப்ரல் 11 அன்று ஆஸ்திரேலியா அமெரிக்கச் சமோவாவை 31–0 என்று வென்றது. ஆர்ச்சி தாம்ப்சன் மட்டும் 13 கோல். பார்த்தவர்களுக்கும் சங்கடம், ஆடியவர்களுக்கும் சங்கடம். சமபலம் உள்ளவர்கள் முதலில் மோதட்டும் என்பது அந்த வகையில் கருணைதான். பூட்டான்–இலங்கை, இந்தியா–நேபாளம், பாகிஸ்தான்–கம்போடியா: இவை உண்மையான போட்டிகள். 2023 அக்டோபர் 17 அன்று இஸ்லாமாபாதில் கம்போடியாவை 1–0 என்று வென்றதுதான் பாகிஸ்தானின் முதல் உலகக் கோப்பைத் தகுதி வெற்றி. அன்று அந்த ஸ்டேடியத்தில் இருந்த குதூகலத்தை எந்த லீக் ஆட்டமும் தந்திருக்காது. ஆஸ்திரேலியாவுக்கே கூட அந்த 2001ஆம் ஆண்டு மறுபக்கம் காட்டியது: 31 கோல் அடித்த அணி, கடைசியில் உருகுவேயோடு இரண்டே ஆட்டத்தில் சறுக்கி வீட்டிலிருந்தது. 2006இல் அவர்கள் ஓஷியானியாவை விட்டு ஆசியாவுக்கு வந்ததற்கு, ஒரு ஜோடி ஆட்டத்தில் நான்காண்டு உழைப்பைப் பணயம் வைக்கும் அலுப்பும் ஒரு காரணம்.

இத்தாலியைப் பாருங்கள். 2017இல் ஸ்வீடனிடமும், ஐரோப்பியச் சாம்பியனாகி ஒன்பது மாதம்கூட ஆகாத நிலையில் 2022 மார்ச் 24 அன்று பலெர்மோவில் வடமாசிடோனியாவிடமும் நாக்-அவுட்டில் தோற்றது. தேசமே துக்கம் காத்தது. ஆனால் அடுத்த ஜூனிலேயே அர்ஜென்டினாவோடு லண்டனில் ஒரு கோப்பை ஆட்டம், அதைத் தொடர்ந்து ஜெர்மனி, ஹங்கேரி, இங்கிலாந்தோடு நேஷன்ஸ் லீக். இத்தாலி இழந்தது மானத்தை. இலங்கை இழப்பது ஆட்டங்களை. நாக்-அவுட் ஒரே கத்திதான்; ஒருவனுக்கு நகத்தை வெட்டுகிறது, இன்னொருவனுக்கு விரலையே.

என் வாதம் இங்கேதான் நிற்கிறது. 180 நிமிடத்தில் ஒரு நாட்டை வெளியேற்றுவதில் பெரிய அநியாயம் இல்லை. வெளியேற்றியபின் அந்த நாட்டுக்கு ஆட ஒன்றுமில்லாமல் விடுவதுதான் அநியாயம். பழைய இந்தியாவே இதற்குச் சான்று. 1960 ரோம் ஒலிம்பிக்குக்கு இந்தியா போனதும் நாக்-அவுட் வழியாகத்தான். இந்தோனேசியாவை இரண்டு ஆட்டத்திலும் வென்று. அந்த அணியின் கோல்கீப்பர், வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் வளர்ந்த பீட்டர் தங்கராஜ். பெருவுக்கு எதிராகத் தமிழ்நாட்டின் சைமன் சுந்தரராஜ் அடித்த கோல்தான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசிக் கோலாக இன்றுவரை நிற்கிறது. 1964 ஒலிம்பிக் தகுதியில் இலங்கையைத் தாண்டி ஈரானிடம் விழுந்தார்கள். ஆனால் விழுந்த இடத்தில் கிடக்கவில்லை. அன்றைக்கு மெர்டேக்கா கோப்பை இருந்தது, ஆசிய விளையாட்டு இருந்தது. அதற்கும் முன்பு, 1952 முதல் 1955 வரை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை நான்கும் ஆடிய கொழும்புக் கோப்பை இருந்தது. வாசல் அடைத்தாலும் தெருவில் ஆட்டம் நின்றதில்லை.

சென்னைக்கும் இது புதிதல்ல. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று அலுவலக அணிகள் ஆடிய சென்னை லீக்தான் இந்த ஊரில் ஆட்டக்காரர்களை உருவாக்கியது. இந்தியன் வங்கியின் சபீர் பாஷா இந்திய அணி வரை போனார். தோற்ற அணிக்கும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு என்ற உறுதி இல்லாமல் எந்த வங்கியும் ரயில்வேயும் கால்பந்துக்காக ஆள் எடுத்திருக்காது.

ஆட்டங்கள் கிடைக்காத நாடுகள் வேறு வழி தேடுகின்றன. இலங்கையை 2023 ஜனவரியில் பிஃபா இடைநீக்கம் செய்தது. ஆகஸ்டில் தடை நீங்கி, அக்டோபரில் யேமனிடம் 3–0, 1–1 என்று ஆறாவது ஜோடியை இழந்தது. அதன்பின் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளியினரை அதிகமாக அணியில் சேர்க்கத் தொடங்கினார்கள். ஸ்வீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் போன்ற தமிழ்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. போரால் சிதறிய குடும்பங்களின் இரண்டாம் தலைமுறை அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். 2024 மார்ச்சில் பிஃபா தொடர் ஒன்று கொழும்பில் நடந்தபோது இலங்கை பூட்டானை வென்றது. செப்டம்பரில் 2027 ஆசியக் கோப்பைக்கான நாக்-அவுட் ஜோடியில் கம்போடியாவைப் பெனால்டியில் தாண்டியது. பரிசாகக் கிடைத்த குழு ஆட்டங்களில் சீனத் தைபேயை 3–1 என்று வென்றது. இந்தியாவில் வம்சாவளியினரைச் சேர்க்கும் வழி குறுகலானது. இந்தியப் பாஸ்போர்ட் இல்லாமல் ஆட முடியாது. 2025இல் ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்துதான் உள்ளே வந்தார்.

அதே 2027 ஆசியக் கோப்பைத் தகுதியில் இந்தியா என்ன செய்தது? வங்கதேசத்தோடு ஷில்லாங்கில் டிரா. ஹாங்காங்கிடம் 1–0. மட்காவில் சிங்கப்பூரிடம் 2–1. 2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடமே 1–0. தகுதி போயிற்று, பிஃபா வரிசையில் 2025 இறுதியில் 140ஐத் தாண்டிச் சரிந்தது. 2026க்கான சுற்றில் ஆசிய வரிசையின் 26க்கும் 27க்கும் நடுவில்தான் கோடு போட்டார்கள். 2030க்கும் அதே இடத்தில் கோடு விழுந்தால், இந்தியா அதற்கு எந்தப் பக்கம் நிற்கும் என்று இன்று பந்தயம் கட்ட எனக்குத் துணிவில்லை. மறுபடி ஒரு நேபாளம், ஒரு பூட்டான், ஏன், ஒரு இலங்கையே எதிரே வரலாம்.

அதற்குள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: அந்த சாலிடாரிட்டி கப்பை எழுப்பிவிடுவது. குச்சிங்கில் ஏழு அணிகளுக்கு ஒரே ஊர், இரண்டு வாரம் போதுமானதாக இருந்தது. 1993இல் நேரு கோப்பையை நடத்திய சென்னை நேரு ஸ்டேடியத்துக்குக் கொழும்பிலிருந்து ஒன்றரை மணி நேர விமானம். காத்மாண்டுவும் டாக்காவும் திம்புவும் குச்சிங்கைவிடப் பக்கம்தான். இந்தியச் சம்மேளனம் கேட்டால் ஆசியக் கூட்டமைப்பு மறுக்கப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அதை நாம் தோற்றபின் கேட்பதைவிட, கோடு விழும் முன்பே கேட்பது நல்லது. நமக்கென்று கேட்கிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாதல்லவா?